அயலவரின் மைதானம்

தேர்த் திருவிழாவன்று மட்டும் கோயிலுக்குப் போய் வருகின்றவர் அக்கோயிலின் திருவிழாவை முழுமையாகக் கண்டவர் ஆகார். கொடியேறிய சில நாட்களில், கூட்டம் சேராத முன்னிரவொன்றில், ஊரவர் சிலர் மட்டும் சுவாமியின் பின்னே வீதி சுற்றி வருவார்களே, அந்தத் திருவிழாவில்தான் ஊரின் இயல்பான முகத்தைக் காணலாம். விளையாட்டுக்கும் இது பொருந்தும் என்பது எமது துணிபு. இங்கிலாந்தின் உதைபந்தாட்டம் என்றவுடன் எமது மாணவர்களின் கண்முன் தோன்றுபவை நான்கைந்து பெருங் கழகங்களே. அவற்றின் ஆட்டக்காரரது பெயர்களை, சரித்திர பாடத்தில் வரும் அரசர்களின் பெயர்களைக் காட்டிலும் செம்மையாக ஒப்புவிக்கும் பிள்ளைகள் எமது வகுப்பிலும் உளர். அதில் எமக்குக் குறையொன்றும் இல்லை. எனினும் அந்தப் பெருந்தேருக்குப் பின்னால் எத்தனையோ சிறு திருவிழாக்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றைக் கண்டுவந்த அநுபவத்தையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

முதலில் ஒரு சிறு விளக்கம். இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்கள் ஏணிப்படிகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மேலேயுள்ள நான்கு படிகளில் 92 கழகங்கள் இடம்பெறுகின்றன. தொலைக்காட்சியில் நாம் அடிக்கடி காண்பன அவற்றுள்ளும் முதற்படியில் நிற்கும் 20 கழகங்களே. ஐந்தாம் படியிலிருந்து கீழே உள்ளவற்றை 'நொன் லீக்' கழகங்கள் என்பர். லீக்குக்குப் புறம்பானவை என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். உண்மையில் அவற்றுக்கும் தமக்குரிய லீக்குகள் உண்டு. லீக் என்றால் 1888 ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் பழைய லீக் ஒன்றையே குறிக்கும் என்றிருந்த காலத்துப் பெயர் இன்றும் நிலைத்துவிட்டது. நன்றாக ஆடிய கழகங்கள் ஆண்டிறுதியில் ஒரு படி ஏறும். கடைசியில் நிற்பவை ஒரு படி இறங்கும். கீழ்ப்படிகளில் ஆடுவோர் பலர் பகலில் வேறு தொழில் பார்ப்பவர்கள். வார நாட்களில் ஓரிரு மாலைகளிற் பயிற்சி, சனிக்கிழமை போட்டி, திங்கட்கிழமை மீண்டும் வேலை என்பதே அவர்களுடைய வாழ்க்கை.

அயலூர்க் கழகங்கள் இரண்டு மோதும் போட்டிக்கு ஆங்கிலத்தில் 'டார்பி' என்று பெயர். யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியை 'வடக்கின் பெரும் சமர்' என்று கொண்டாடுபவர்கள் அல்லவா நாம்? தூரத்து ஊரவரிடம் தோற்றால் அஃது ஒரு செய்தி மட்டுமே. அடுத்த வளவுக்காரரிடம் தோற்றாலோ, சந்தையிலும் சலூனிலும் ஓராண்டு முழுவதும் அந்தக் கதையைக் கேட்க வேண்டும்.

மார்கழி விடுமுறையில் இலண்டனிலுள்ள தமக்கையார் வீட்டிற் சில வாரம் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அவர் வசிப்பது தென் இலண்டனைச் சேர்ந்த ரூட்டிங் என்னும் பகுதியில். நம்மவர் பலர் வாழும் இடம் அது. தெருவில் இறங்கினால் தமிழிற் பெயரெழுதிய கடைகளைக் காணலாம். முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வாங்கலாம். சற்று நடந்தால் முத்துமாரி அம்மனைத் தரிசிக்கலாம். தமக்கையாரின் மகனுக்குப் பதினைந்து வயது. அவன் அங்கேயே பிறந்தவன். ஆயினும் தாய் ஊட்டிய யாழ்ப்பாணத் தமிழ் அவன் நாவில் நிற்கின்றது. வட இங்கிலாந்துப் பெருங் கழகமொன்றின் சட்டையை உறங்கும்போதும் கழற்றாதவன். அக்கழகத்தின் மைதானத்தை ஒருமுறையேனும் அவன் நேரிற் கண்டதில்லை. சீட்டு அகப்படுவதும் அரிது. அகப்பட்டாலும் விலை அதிகம். அவனது பக்தியெல்லாம் கண்ணாடித் திரைக்கு முன்னால் நடப்பதே.

டலிச் ஹம்லட் என்னும் கழகத்துக்கும் கார்ஷோல்டன் கழகத்துக்கும் சனிக்கிழமை பிற்பகல் போட்டி நடக்கவிருப்பதை அறிந்து, போய்வருவோமா என்று மருமகனைக் கேட்டோம். அவன் எம்மை ஒருவாறு இரக்கத்தோடு நோக்கினான்.

"மாமா, அது ஏழாம் படி. சேத்துக்குள்ளை ஓடுவினம். உதைப் பாக்கவோ இலங்கையிலை இருந்து வந்தனீங்கள்?"

"நானும் சேத்துக்குள்ளை ஓடின ஆள்தான் தம்பி. ஒருக்கால் வந்துதான் பாரன்."

தாயாரும், "மாமா கேக்கிறார், போட்டு வா" என்று சொன்னபின் மறுக்க வழியில்லாது புறப்பட்டான்.

ரூட்டிங் புகையிரத நிலையத்தில் ஏறி, ரல்ஸ் ஹில் என்னுமிடத்தில் வண்டி மாறி, கிழக்கு டலிச் நிலையத்தில் இறங்கினோம். அவ்வூரின் பெயரை ஆங்கில எழுத்துக்களின்படி கூட்டி வாசித்தால் 'டல்விச்' என்றே வரும். அவ்வூரவரோ 'டலிச்' என்கின்றனர். ஹம்லட் என்பதைக் கண்டு டென்மார்க் நாட்டு இளவரசனை நினைக்க வேண்டியதில்லை. அச்சொல்லுக்குச் சிற்றூர் என்பது பொருள். அப்பெயர் பூண்ட ஆரம்பப் பாடசாலையின் பழைய மாணவர்களுக்காக லொரெய்ன் வில்சன் என்னும் பெரியவர் 1893 ஆம் ஆண்டு இக்கழகத்தைத் தோற்றுவித்தார். 'பா' வில்சன் என்றே எல்லோரும் அவரை அழைத்தனராம். பழைய மாணவர் சிலரின் ஆசையிலிருந்து ஒரு கழகம் முளைத்தது என்ற செய்தி, ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு இயல்பாகவே உவப்பைத் தந்தது.

சம்பியன் ஹில் என்பது அவர்களுடைய மைதானம். அங்கு செல்லும் வழி ஒரு பேரங்காடியின் அருகாற் போகின்றது. அந்த அங்காடி நிற்கும் நிலமும் முன்னொரு காலத்தில் மைதானமாக இருந்ததே. 1991 ஆம் ஆண்டு பழைய அரங்கை இடித்து, நிலத்தின் ஒரு பகுதியை அங்காடிக்குக் கொடுத்து, எஞ்சிய பகுதியிற் சிறிய புதிய அரங்கைக் கட்டினர். பழைய அரங்கு பெரியது. 1933 ஆம் ஆண்டு ஊதியம் பெறாத ஆட்டக்காரருக்கான வெற்றிக்கிண்ண இறுதிப் போட்டி அங்கு நடந்தபோது 20,000 பேருக்கு மேற் கூடினர். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவின்போது கொரியா மெக்சிக்கோவை 5-3 என்ற கணக்கில் வென்றதும் அங்கேதான். நமது டங்கன் வைட் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றது அதே விழாவில் என்பதை மருமகனுக்குச் சொன்னோம். அவன் அதனை அன்றுதான் கேள்விப்பட்டான்.

வாயிலிற் சீட்டு வாங்கி உள்ளே நுழைந்ததும் அவனுக்கு முதல் வியப்பு ஏற்பட்டது. இன்ன ஆசனம் என்ற கட்டளை இல்லை. விரும்பிய இடத்தில் நிற்கலாம். ஆட்டக்காரருக்கும் பார்வையாளருக்கும் இடையே இடுப்பளவு உயரமான கம்பி வேலி ஒன்றே உண்டு. இரு கட்சியினரின் ஆதரவாளரும் கலந்து நின்றனர். பெருங் கழகங்களின் அரங்குகளில் இவர்களை வெவ்வேறு வாயில்களால் உள்ளே அனுப்பி, இடையிற் காவலரையும் நிறுத்துவது வழக்கம். இங்கோ, இளஞ்சிவப்பும் கருநீலமும் கலந்த கழுத்துச் சால்வை அணிந்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர், கார்ஷோல்டன் ஆதரவாளர் ஒருவரின் கைக்குழந்தைக்குத் தொப்பியைச் சரிசெய்து கொண்டிருந்தார்.

கார்ஷோல்டனும் தென் இலண்டனிலேயே உள்ளது. 1905 ஆம் ஆண்டு தொடங்கிய அக்கழகத்துக்கு 'ரொபின்' என்னும் செம்மார்புச் சிட்டின் பெயரைச் செல்லப் பெயராக வைத்துள்ளனர். அவர்களுடைய மைதானம் 'யுத்த நினைவு விளையாட்டு மைதானம்' என்ற பெயரை உடையது. இறந்தோரை நினைந்து கல் நாட்டுவதோடு அமையாது, உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு மைதானத்தையும் அவர்கள் பெயரால் ஒதுக்கிய அந்த எண்ணம் போற்றத்தக்கது.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மார்கழி மாதத்தில் அங்கு நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விரைவில் மின்விளக்குகள் எரிந்தன. பனி ஈரத்தில் ஊறிய தரையிற் பந்து நினைத்த திசைக்குப் போகவில்லை. ஓர் ஆட்டக்காரர் பந்தைத் தடுக்கச் சறுக்கிக்கொண்டு வந்து, பந்தைத் தப்பவிட்டு, வேலிக்கு அருகில் எமது காலடியில் வந்து கிடந்தார். முகம் முழுவதும் சேறு. அவர் எம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து ஓடினார். "மாமா, எங்களைப் பாத்துச் சிரிச்சவர்!" என்றான் மருமகன். எத்தனை ஆண்டு திரைக்கு முன்னால் இருந்தவனாயினும், ஓர் ஆட்டக்காரர் அவனைப் பார்த்தது அதுவே முதன்முறை.

சாதத்தையும் கறியையும் தேடுவாரில்லாத அவ்விடத்தில், மரக்கறி உண்பவராகிய எமக்கு உருளைக்கிழங்குப் பொரியலும் காகிதக் குவளையில் தேநீரும் போதுமானவையாயின. இடைவேளையின்போது ஒரு புதுமை கண்டோம். கோலுக்குப் பின்னால் நின்ற ஆதரவாளர் கூட்டம் பாட்டும் கொட்டுமாக அப்படியே பெயர்ந்து, மைதானத்தைச் சுற்றி நடந்து, மறுபக்கக் கோலுக்குப் பின்னாற் போய் நின்றது. இடைவேளைக்குப் பின் குழுக்கள் திசை மாறுவதால், தமது குழு தாக்கும் பக்கத்தில் நிற்பதற்காக இவ்வாறு செய்கின்றனராம். நாமும் கூட்டத்தோடு சென்றோம். வெளிவீதி சுற்றும் நினைவே எமக்கு வந்தது.

அவ்வாறு சுற்றி வந்த இடத்தில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் எமக்குப் பக்கத்தில் நின்றார். நாம் இலங்கையிலிருந்து வந்த ஆசிரியர் என்று அறிந்ததும், மாணவனுக்குப் பாடம் சொல்வதுபோலத் தமது கழகத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். இவ்விரு கழகங்களும் ஆடுவது இஸ்த்மியன் லீக் என்பதில். பண்டைக் கிரேக்க நாட்டில், கொரிந்து நகருக்கு அருகேயுள்ள பூசந்தியில் நடைபெற்ற விளையாட்டு விழாவின் பெயர் அது. நமது ஆனையிறவைப் போல இரு நிலங்களை இணைக்கும் ஒடுங்கிய நிலமே பூசந்தி. 1905 ஆம் ஆண்டு இந்த லீக்கைத் தொடங்கியவர்கள், பணத்துக்காக ஆடுவது தகாது என்ற கொள்கை உடையவர்கள். அதனால் வெற்றி பெற்ற கழகத்துக்கு ஆரம்பத்திற் கிண்ணமோ பதக்கமோ கொடுக்கவில்லை. 'மதிப்பே போதும்' என்று பொருள்படும் இலத்தீன் வாக்கியமே அவர்களது குறிக்கோளுரையாக இருந்தது.

மைதானத்துக்கு வரும் வழிக்கு எட்கார் கெயில் என்பவரின் பெயரை வைத்திருக்கின்றனர். அவர் டலிச் ஹம்லட் கழகத்துக்காக நானூறுக்கும் மேற்பட்ட கோல்களை அடித்தவர். 1929 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தேசியக் குழுவில் மூன்று போட்டிகளில் ஆடினார். பிரான்சுக்கு எதிரான தமது முதற் போட்டியிலேயே இரண்டு கோல்களை அடித்தார். பணம் கொடுக்கும் கழகங்கள் அழைத்தும் அவர் போகவில்லை. "என் தகப்பனார் அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர், நான் தகப்பனாரைப் பார்த்தவன்" என்றார் பெரியவர். ஊதியம் பெறுவோர், பெறாதோர் என்ற வேறுபாட்டை இங்கிலாந்து 1974 ஆம் ஆண்டு நீக்கிவிட்டது. இன்று இம்மைதானத்தில் ஆடுவோருக்கும் ஓரளவு பணம் கிடைக்கின்றது. ஆயினும் பெரியவரின் பேச்சில் அந்தப் பழைய குறிக்கோளுரை இன்னும் வழக்கொழியவில்லை.

"உங்கள் கடும் போட்டிக்காரர் இந்தக் கார்ஷோல்டன்காரர்தாமோ?" என்று கேட்டோம்.

அவர் தலையை அசைத்தார். பழைய காலம் முதலாகத் தாம் வெல்ல வேண்டும் என்று விரும்பியது ரூட்டிங் அன்ட் மிச்சம் கழகத்தையே என்றார். நாம் தங்கியிருந்த அதே ரூட்டிங்! 1932 ஆம் ஆண்டு இரு சிறு கழகங்கள் இணைந்து உருவான கழகம் அது. 1959 ஆம் ஆண்டு தேசிய வெற்றிக்கிண்ணப் போட்டியில், முதற்படியில் நின்ற நொட்டிங்ஹம் ஃபொரெஸ்ட் கழகத்தைத் தனது உறைந்த மைதானத்தில் 2-2 எனத் திணறடித்தது. மறு ஆட்டத்தில் வென்று தப்பிய ஃபொரெஸ்ட் கழகமே அவ்வாண்டு கிண்ணத்தையும் கைப்பற்றியது. மருமகன் ரூட்டிங்கிலேயே பிறந்து வளர்ந்தவன். தன்னுடைய ஊருக்கு இப்படியொரு கதை உண்டென்பதை ஓர் அயலூர்க் கிழவர் வாயாற் கேட்டு அறிந்தான்.

அதன்பின் பெரியவர் 2018 ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார்.

டலிச் ஹம்லட் ஆடிவந்த நிலம் கழகத்துக்குச் சொந்தமானதன்று. அதன் உரிமை கட்டட முதலீட்டு நிறுவனமொன்றிடம் இருந்தது. அங்கு குடியிருப்புத் தொகுதி எழுப்பும் திட்டம் பற்றி நிறுவனத்துக்கும் உள்ளூராட்சிச் சபைக்கும் பிணக்கு வளர்ந்தது. 2018 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், போட்டிகள் முடிவடையாத வேளையில், கழகம் மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டது. கழகத்தின் பெயரையும் வேறொரு நிறுவனம் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துவிட்டு, இனி அதனைப் பாவிக்கலாகாது என்று கடிதம் விடுத்தது. நிலம் போயிற்று, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்த பெயரும் போகும்போல இருந்தது. ஊரவர் ஊர்வலம் போயினர். பாராளுமன்றத்திலும் இது பேசப்பட்டது. பெயரை மீட்டுக்கொண்டனர். ஆனால் அடுத்த சனிக்கிழமை எங்கே ஆடுவது?

"ரூட்டிங்காரர் தங்கள் மைதானத்தைத் தந்தார்கள்" என்றார் பெரியவர்.

எந்தக் கழகத்தை வெல்ல வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கூச்சலிட்டனரோ, அந்தக் கழகத்தின் 'இம்பீரியல் ஃபீல்ட்ஸ்' மைதானத்தில் டலிச் ஹம்லட் தனது சொந்தப் போட்டிகளை ஆடியது. முந்திய இரண்டு ஆண்டுகளும் மேற்படி ஏறுவதற்கான இறுதிப் போட்டி வரை வந்து தோற்ற கழகம் அது. 2018 ஆம் ஆண்டு மே மாதம், அந்த இரவல் மைதானத்தில், ஹெண்டன் கழகத்துடன் 1-1 எனச் சமநிலையில் நின்று, தண்ட உதைகளால் வென்று ஆறாம் படிக்கு ஏறியது. அதே ஆண்டில் இடங்கொடுத்த ரூட்டிங் கழகமோ ஒரு படி இறங்கிற்று. தன் முற்றத்தில் விருந்தாளி வெற்றி கொண்டாட, வீட்டுக்காரர் தோல்வியோடு நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு மார்கழியில் டலிச் ஹம்லட் தன் மைதானத்துக்குத் திரும்பியது. 2023 ஆம் ஆண்டு அதுவும் ஏழாம் படிக்கு மீண்டும் இறங்கியது.

இதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது ஆட்டம் எமது கண்ணில் தெளிவாகத் தெரியவில்லை. காரணம் உண்டு. 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டு, வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தபோது எமக்குப் பத்து வயது. நாம் படித்த பாடசாலையும் எம்மோடு இடம்பெயர்ந்தது. கட்டடம் பின்னே நின்றுவிட்டது. அதிபர், ஆசிரியர், வரவுப் பதிவேடு, பிள்ளைகள் ஆகியனவே பாடசாலையாக வெளிக்கிட்டு வந்தன. வேறோர் ஊரின் பாடசாலை தனது வகுப்பறைகளை எமக்கு ஒதுக்கித் தந்தது. காலையில் அவர்கள் படிப்பார்கள்; பின்னேரம் நாம் படிப்போம். அவர்கள் எழுதிய கரும்பலகையை அழித்துவிட்டு எமது ஆசிரியர் எழுதுவார். சில நாட்களில், அவர்களுடைய ஆசிரியர் எமது பிள்ளைகளுக்கும் உதவுமென்று கணக்கை அழியாமல் விட்டுச் செல்வதும் உண்டு.

அந்தப் பாடசாலைதான் உதைபந்தாட்டத்தில் எமக்குப் பரம்பரைப் போட்டிப் பாடசாலை. எம்முடைய தமையன்மார் அவர்களோடு ஆடிவிட்டு வந்து சொல்லிய கதைகளில் அவர்கள் அசுரர்களாகவே வருவார்கள். இப்போது அந்த அசுரர்களின் வாங்கில் இருந்துகொண்டு நாம் தேவாரம் பாடினோம்.

1993 ஆம் ஆண்டில், எமது பதின்மூன்றாம் வயதில், இளையோர் பிரிவிற் போட்டி ஒன்று வந்தது. பொருளாதாரத் தடை நிலவிய காலம். நல்ல பந்து வாங்க வழியில்லை. உள்ளே இருந்த பையைச் சைக்கிள் ரியூப் துண்டால் ஒட்டி, தோலைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்த பந்து ஒன்றே இரு பாடசாலைக்கும் பொது. இடந்தந்தவர்களை எதிர்த்து முழுமூச்சாக ஆடுவது முறையா என்ற ஐயம் எமது ஆசிரியர்களுக்கே இருந்தது. அதனை அறிந்த அவர்களுடைய விளையாட்டு ஆசிரியர் போட்டிக்கு முதல் நாள் எமது வகுப்புக்கு வந்தார். அவர் சொன்னவை இன்றும் எமது செவியில் உள்ளன.

"பிள்ளையள், வாங்கு தந்ததுக்காக நீங்கள் எங்களுக்கு ஒரு கோலும் தர வேண்டாம். நன்றிக்காக நீங்கள் தோத்தியள் எண்டால், அது எங்களுக்குத்தான் வெக்கம். நல்லா ஆடுங்கோ."

நாம் ஆடினோம். அவர்கள் வென்றார்கள். மறுநாள் பின்னேரம் வகுப்பறைக்குள் நுழைந்தபோது, கரும்பலகையின் மூலையில் கோல் கணக்கை எழுதி, கீழே 'அடுத்த முறை பார்ப்போம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். நாம் வேற்றூரில் அகதிகளாக மட்டும் நடத்தப்படவில்லை, பழைய போட்டிக்காரராகவே மதிக்கப்பட்டோம் என்பதை அந்தச் சிறு வயதிலும் உணர்ந்தோம். அரிசியும் பருப்பும் பலர் தந்தனர். அவற்றை நாம் மறக்கவில்லை. ஆனால் இழந்த ஊரின் பெயரோடு எம்மை நிமிர்ந்து நிற்கச் செய்தது அந்த ஒரு வரி.

இக்கதையைப் பெரியவருக்கும் சுருக்கமாகச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அந்த ஆசிரியருக்கு உதைபந்தாட்டம் தெரியும்" என்றார். ரூட்டிங் கழகம் இனி உங்களோடு ஆட வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, முன்போலவே கூச்சலிடுவேன், கூச்சலிடாவிட்டால் அவர்கள் வருந்துவார்கள் என்று சிரித்தார். மருமகன் எமது கையைப் பற்றி, "மாமா, அம்மாவும் அந்தப் பின்னேரப் பள்ளிக்கூடத்திலையோ படிச்சவ?" என்று மெல்லக் கேட்டான். ஆம் என்றோம். அவன் பின்பு வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து, சேறு படிந்த ஆட்டக்காரர் வேலியோரமாக வந்து சிறுவர்களின் கைகளைத் தொட்டுக்கொண்டு சென்றபோது, இரு கழகத்தாருக்கும் கை நீட்டினான். அன்றிரவு தமக்கையார் அவனிடம் முதலிற் கேட்டது வென்றவர் யார் என்பதை. அவன் அவரிடம் முதலிற் கேட்டது கரும்பலகையைப் பற்றி.

போட்டி என்றாற் பகை என்று எண்ணுவோர் பலர். பாடசாலைகளுக்கிடையே நடைபெறும் பெரும் போட்டிகளின் பின்னே வீதிகளில் நடக்கும் சண்டைகளைப் பார்க்கும்போது, மாணவர் சிலரும் அவ்வாறு எண்ணுகின்றனரோ என்று அஞ்சுகின்றோம். சிறிது சிந்தித்தால் உண்மை புலப்படும். எதிர்க்குழு இல்லையேல் எமது குழுவுக்கு ஆட்டமே இல்லை. நூறாண்டாக ஒருவரையொருவர் வெல்ல முயன்றவர்களே ஒருவரது பலத்தையும் பலவீனத்தையும் மற்றவர் நன்கறிவர். ஒருவர் வீழ்ந்தால் தமக்கும் ஏதோ குறைந்துவிட்டது என்பதை முதலில் உணர்பவர்களும் அவர்களே. ரூட்டிங் கழகத்தார் மைதானத்தைக் கொடுத்ததும், அந்தப் பாடசாலையார் வாங்குகளைக் கொடுத்ததும் இந்த உணர்வினாலேயே என்று கருதுகின்றோம்.

இன்னொன்றும் உண்டு. மைதானம் என்பது வெறும் நிலம் அன்று என்று சொல்வது எளிது. அதனை இழந்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். கோல் கம்பங்கள் இரண்டும் சிறிது புல்லும் உள்ள ஊர்க் காணிகள் நம் நாட்டிலும் எத்தனையோ உண்டு. அவற்றில் மாலைதோறும் பிள்ளைகள் ஆடுகின்றனர். பார்ப்பாரில்லாத மைதானத்தை எவரும் எளிதில் எடுத்துக்கொள்வர். நூறு பேர் வழக்கமாக வந்து நிற்கும் மைதானத்தில் மதில் எழுப்ப எவரும் பலமுறை யோசிப்பர். டலிச் ஹம்லட் தப்பியது அதன் ஆட்டக்காரரின் திறமையால் மட்டுமன்று. மழையிலும் பனியிலும் வேலியோரம் வந்து நின்ற ஊரவராலும் ஆகும்.

ஆதலின் மாணவர்களே, திரையில் தோன்றும் பெருங் கழகங்களை விரும்பிப் பாருங்கள். அதனை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் உங்கள் ஊர்க் கழகம் அயலூர்க் கழகத்தோடு ஆடும் நாளை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தந்தையாரையும் தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் குழு வெல்ல வேண்டும் என்று தொண்டை கட்டும்வரை கத்துங்கள். ஆட்டம் முடிந்ததும் எதிர்க்குழுவினரின் பெயர்களைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். அவர்கள் உங்களுடைய அயலவர்.